கால்சியம் கூடினால் பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 58. பரிசோதனையில் ரத்தக் கால்சியம் 11.2 மி.கி. என வந்துள்ளது. தொந்தரவு எதுவும் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையும், நானாகவே வாங்கிய கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் சாப்பிடுகிறேன். பால், தயிரை நிறுத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: பாலையும் தயிரையும் நிறுத்த வேண்டாம். உணவால் மட்டும் ரத்தக் கால்சியம் இந்த அளவுக்கு உயர்வது மிக அரிது.

ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்தில் 8.5 முதல் 10.5 மி.கி. வரை இயல்பு என்பதால் உங்களுடையது லேசான உயர்வுதான். எனினும் உடலில் நீர் குறைந்திருந்தாலோ, கையை நெடுநேரம் இறுகக் கட்டி ரத்தம் எடுத்தாலோ அளவு கூடிக் காட்டும். ஆகவே முதலில், ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் புரதமான ஆல்புமினுடன் சேர்த்து மறுபரிசோதனை செய்யுங்கள்.

அப்போதும் உயர்ந்தே இருந்தால், பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனைதான் காரணத்தைப் பிரித்துக் காட்டும். கால்சியம் கூடும்போது இந்த ஹார்மோன் குறைய வேண்டும். குறையாமல் இயல்பாகவோ அதிகமாகவோ இருந்தால், இதைச் சுரக்கும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் உள்ள நான்கு சிறு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று மிகையாக இயங்குகிறது என்றே பெரும்பாலும் பொருள். அது பொதுவாகப் புற்றுநோய் அல்லாத கட்டியே. இந்நிலையில் உணவில் கால்சியத்தைக் குறைத்தால் ஹார்மோன் மேலும் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் என்பதாலேயே பாலை நிறுத்த வேண்டாம் என்றேன். மாறாக ஹார்மோன் மிகவும் குறைந்திருந்தால், வைட்டமின் டி மிகுதி, சார்கொய்டோசிஸ் (நுரையீரல் முதலிய உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்), புற்றுநோய் போன்றவற்றைத் தாமதமின்றி ஆராய வேண்டும்.

நீங்களாக வாங்கிய மாத்திரைகளை இன்றே நிறுத்திவிட்டு அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் இருக்கிறதா என்றும் அட்டையில் பாருங்கள். இவை சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைப்பவை. ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். இதயம், சிறுநீரகப் பாதிப்புக்காக நீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தாலன்றிப் போதிய நீர் அருந்துங்கள்.

சுரப்பியே காரணமானால், அறுவை சிகிச்சையே நிரந்தரத் தீர்வு. சிறுநீரகக் கல், எலும்புத் தேய்வு, 50-க்குக் குறைந்த வயது, இயல்பின் உச்சத்தைவிட 1 மி.கி.-க்கு மேல் உயர்வு ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் அதைப் பரிந்துரைப்பார்கள். உங்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் எலும்பு அடர்த்தியையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது அவசியம், ஏனெனில் இவ்விரு பாதிப்புகளும் ஓசையின்றி வளர்பவை.

தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14 மி.கி.-ஐத் தாண்டினால் ரத்தக்குழாய் வழியே உப்புநீர் செலுத்த வேண்டிய அவசர நிலை அது.