‘டவுட்’ வேறு, ‘சஸ்பெக்ட்’ வேறு: ஒரு வாசகருக்குப் பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஷிப்பிங் பிரிவில் பணிபுரியும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இங்கிலாந்துக்கு அனுப்பிய சரக்கில் சில பெட்டிகள் நனைந்த நிலையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவை துறைமுகத்தில்தான் நனைந்திருக்க வேண்டும் என்பது இவருடைய சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அப்படியே ‘வீ டவுட் தட் தி டேமேஜ் ஹாப்பன்ட் அட் தி போர்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டார். பையரிடமிருந்து, அதாவது சரக்கை வாங்கியவரிடமிருந்து, வந்த பதிலில், ‘சேதம் துறைமுகத்தில் ஏற்படவில்லை என்று நீங்களே கருதுவதால், அதற்குரிய தொகைக்கு டெபிட் நோட் (அந்தத் தொகையை உங்கள் கணக்கில் கழிப்பதாகத் தெரிவிக்கும் சீட்டு) அனுப்புகிறோம்’ என்று இருந்திருக்கிறது. “அகராதியில் டவுட் என்றால் சந்தேகம் என்றுதானே இருக்கிறது? என் பிழை என்ன?” என்று கேட்கும் அவர், பள்ளியில் படிக்கும் தம் மகள் ஆசிரியரிடம் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று சொல்வதும் தவறா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பையர் உங்கள் வாக்கியத்தைத் தவறாகப் படிக்கவில்லை. ‘ஐ டவுட் தட்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் ‘அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்’ என்பதே பொருள். நீங்கள் சொல்ல நினைத்தது ‘அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்பது. அதற்குரிய சொல் ‘சஸ்பெக்ட்’. இரண்டுக்கும் அகராதி ‘சந்தேகி’ என்ற ஒரே பொருளைத் தருவதால், நேர் எதிரான இரு சொற்கள் நம் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அலுவலகக் கடிதங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டிருப்பதால், நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களிடமும் இந்தப் பிழையைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லாத வாக்கியம் என்பதால், எழுதியவர் எத்தனை முறை படித்தாலும் அது கண்ணில் படாது.

தமிழில் இந்த வேறுபாடு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ‘இன்றைக்கு மழை வருவது சந்தேகம்’ என்று ஒருவர் சொன்னால், மழை வராது என்ற பக்கம் அவர் மனம் சாய்ந்திருக்கிறது. கேட்பவர் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். ‘மழை வருமோ என்று சந்தேகமாக இருக்கிறது’ என்றால், வரும் என்ற பக்கம் சாய்கிறது, குடையை எடுத்துக்கொள்வார். இரண்டிலும் இருப்பது ஒரே ‘சந்தேகம்’தான். ‘வருவது’, ‘வருமோ’ என்று பக்கத்தில் நிற்கும் சொல்லின் வடிவம் பொருளைத் திருப்பிவிடுகிறது. நாம் வாக்கிய அமைப்பில் காட்டும் திசையை ஆங்கிலம் சொல்லிலேயே வைத்திருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும் முன் உங்கள் தமிழ் வாக்கியத்திலிருந்து ‘சந்தேகம்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘இருக்கும் என்று நினைக்கிறேன்’, ‘இருக்காது என்று நினைக்கிறேன்’ என்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ‘இருக்கும்’ பொருந்தினால் சஸ்பெக்ட், ‘இருக்காது’ பொருந்தினால் டவுட்.

எதிர்மறையில் ஆபத்து இன்னும் கூடுதல். ‘ஐ டோன்ட் டவுட் தட் ஹீ டுக் தி மணி’ என்பதை ‘அவர் பணம் எடுத்ததாக நான் சந்தேகப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு தமிழர் எழுதியிருக்கக்கூடும். ஆங்கிலத்தில் அதன் பொருள், அவர் பணத்தை எடுத்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை என்பது. ஒருவரைக் காப்பாற்ற எழுதிய வரி அவர்மீதே குற்றத்தைச் சுமத்திவிடுகிறது. மருத்துவமனையிலும் இப்படித்தான். ‘சஸ்பெக்டட் டெங்கு’ என்றால் டெங்குவாக இருக்கக்கூடும் என்று கருதிப் பரிசோதனைக்கு அனுப்பப்படுபவர். ‘தி டாக்டர் டவுட்ஸ் இட் இஸ் டெங்கு’ என்று நோயாளியின் உறவினர் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு எழுதினால், டெங்கு இல்லை என்று மருத்துவர் கருதுவதாக மகன் நிம்மதி அடைந்துவிடுவார்.

ஆட்களைக் குறிக்கும்போதும் இதே வேறுபாடு தொடர்கிறது. ‘ஐ டவுட் ஹிம்’ என்றால் அவர் சொல்வதை நான் நம்பவில்லை. ‘ஐ சஸ்பெக்ட் ஹிம்’ என்றால் அவர்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சஸ்பெக்ட் என்றாலே காவல் நிலையம் நினைவுக்கு வருவதால் பலர் அதை எழுதத் தயங்குகிறார்கள். ஆனால் ‘ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்’ என்று நல்ல பொருளிலும் இயல்பாகச் சொல்வார்கள். ‘நீங்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும் போலிருக்கிறது’ என்பது அதன் தொனி.

சொற்களின் பிறப்பை அறிந்தால் மறக்காது. டவுட்டின் மூலமான லத்தீன் சொல் ‘இரண்டு’ என்பதோடு உறவுடையது: இரு பக்கமும் இழுபடும் மனம். நாம் ‘இருமனம்’ என்கிறோமே, அதேதான். சஸ்பெக்ட்டின் மூலத்துக்குக் ‘கீழிருந்து மேலாகப் பார்த்தல்’ என்று பொருள். தலையைத் தூக்காமல் ஒருவரைக் கடைக்கண்ணால் அளக்கும் பார்வை அது. டவுட் என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் ‘பி’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது. அதை உச்சரிக்கக் கூடாது. இடைக்கால ஆங்கிலத்தில் டவுட்டுக்கு ‘அஞ்சுதல்’ என்ற பொருளும் இருந்தது. அதன் எச்சமாக, ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘ஐ டவுட்’ என்பது ‘அப்படி ஆகிவிடும் போலிருக்கிறது’ என்ற பொருளில் இன்றும் வழங்குகிறது. உங்கள் வாக்கியத்தை அங்குள்ள முதியவர் ஒருவர் படித்திருந்தால் சரியாகவே புரிந்துகொண்டிருப்பார். ஆனால் வணிகக் கடிதத்தில் அந்த வழக்கை நம்ப முடியாது.

உங்கள் மகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பள்ளி இலக்கணத்தில் ஆறு வகை வினாக்களைப் படித்திருப்பீர்கள். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ‘அங்கே கிடப்பது பாம்பா, கயிறா’ என்று கேட்பது ஐய வினா. வகுப்பில் கையைத் தூக்கி ‘டவுட்’ என்று பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் அறியா வினா. அதை ஆங்கிலேயர் ‘கொஸ்டின்’ என்பார்கள். இந்தியா முழுவதும் ஆசிரியரும் மாணவரும் பழகிவிட்ட வழக்கு என்பதால், வகுப்பறைக்குள் அதைப் பிழை என்று சொல்லிக் குழந்தையின் வாயை அடைக்க வேண்டாம். கேள்வி கேட்கும் பழக்கம் அதைவிடப் பெரியது. ஆனால் வெளிநாட்டவர் முன் ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்றால், ‘நீங்கள் சொன்னதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை’ என்று அவர் காதில் விழும். ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்று இப்போதே பழக்கிவிட்டால் இரண்டு இடத்துக்கும் உதவும்.

இனி உங்கள் மின்னஞ்சல். தாமதிக்காமல் இன்றே திருத்தம் அனுப்புங்கள். முந்தைய கடிதத்தின் அந்த வாக்கியம் நாங்கள் கருதியதற்கு மாறான பொருளைத் தந்துவிட்டது என்று முதல் வரியிலேயே நேராக ஒப்புக்கொள்ளுங்கள். மன்னிப்பை நீட்ட வேண்டாம். திருத்திய வாக்கியத்தில் ‘சஸ்பெக்ட்’ இலக்கணப்படி சரிதான் என்றாலும், மூன்றாம் தரப்பான துறைமுகத்தின்மீது குற்றம் சாட்டுவது போலத் தொனிக்கும். ஆகவே ‘வீ ஹாவ் ரீசன் டு பிலீவ் தட் தி டேமேஜ் அக்கர்டு அட் தி போர்ட்’ என்று எழுதுங்கள். ‘அவ்வாறு நம்புவதற்கு எங்களிடம் காரணம் இருக்கிறது’ என்பது அதன் பொருள். அப்படி எழுதினால் அந்தக் காரணத்தைக் காட்டியாக வேண்டும். பெட்டிகள் உலர்ந்த நிலையில் கன்டெய்னரில் ஏற்றப்பட்டபோது எடுத்த படங்கள், சீல் எண், லாரி புறப்பட்ட நேரம் ஆகியவை கையில் இருந்தால் அதே மின்னஞ்சலில் இணைத்து, டெபிட் நோட்டை நிறுத்திவைக்கும்படி கேளுங்கள்.