ஊசி நூல் பதில்கள்: டிசைனை நீங்களே வரையும்போது

பாம்பன் பாலத்தை கிராஸ் ஸ்டிச்சில் போட்டு ஃபிரேம் மாட்ட ஆசை. நானே கிராஃப் வரைய முடியுமா? துணி, நூல் எவ்வளவு வாங்க வேண்டும்?
— வாசகி, தங்கச்சிமடம்

முடியும். ஆனால் பென்சிலை எடுக்கும் முன் துணியைத் தீர்மானியுங்கள். கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே கட்டம் கட்டமாக நெய்த 14 கவுண்ட் ஐடா துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல்குறித் தையல். படம் 12 × 8 அங்குலம் என்றால் கிராஃபில் 168 × 112 கட்டம். ஃபிரேம் போடுகிறவர் பின்னால் மடித்து இழுக்க நாலு பக்கமும் 3 அங்குலம் விடுங்கள். ஆக 18 × 14 அங்குலத் துணி.

எந்தப் பாலம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் அழகே, கப்பலுக்கு வழிவிட இரு பக்கமும் சாய்ந்து எழுந்த அந்த இரும்புச் சட்டங்கள்தான். கிராஸ் ஸ்டிச்சில் தொல்லை கொடுப்பதும் அவைதான். ஒரு கட்டம் பக்கத்தில் போனால் ஒரு கட்டம் மேலே என்ற சாய்வு சுத்தமாக வரும். இரண்டுக்கு ஒன்று என்றாலும் பரவாயில்லை. ஐந்துக்கு மூன்று போன்ற சாய்வுகள் படி ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று நொண்டும். ஆகவே போட்டோவை அப்படியே பிரதி எடுக்காதீர்கள். சட்டத்தின் உயரம் 12 கட்டம் என்றால், ஒவ்வொரு சாய்வுக் கம்பியும் பக்கவாட்டில் 12 கட்டம் போகும்படி மாற்றி வரையுங்கள். மெல்லிய கம்பிகளைக் கடைசியில் ஒற்றை இழையில், கோடு போலத் தொடரும் பேக் ஸ்டிச்சாகப் போடலாம். 2025-ல் திறந்த புதிய பாலத்தில் தூக்கும் பகுதி செங்குத்தாக மேலேறுகிறது. இரு கோபுரங்களும் நேர்க்கோடுதான். முதன்முதலில் கிராஃப் போடுகிறவர்களுக்கு அதுவே லேசு. எங்கள் கண்ணுக்குப் பழையதுதான் அழகு!

நூலுக்கு வருவோம். 8 மீட்டர் கட்டில் ஆறு இழை இருக்கும். இந்தத் துணிக்கு இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால், வீணாவது போக ஒரு கட்டில் சுமார் 1,500 தையல் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டும் 30 வரிசை என்றால் 168 × 30 = 5,040 தையல், அதாவது நாலு கட்டு நீலம். நாலையும் ஒரே நாளில், ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள். பாதியில் தீர்ந்து இன்னொரு லாட் வாங்கினால், கடலின் நடுவே கோடு கிழித்த மாதிரி நிறம் மாறித் தெரியும். வானத்தைத் தைக்கவே வேண்டாம், துணியின் நிறமே போதும்.

ஆரி ஒர்க் பிளவுசுக்குச் சங்கு டிசைன் நானே வரைந்தேன். காகிதத்தில் நன்றாக இருந்தது. கழுத்து வளைவில் சங்குகள் ஒன்றை ஒன்று இடிக்கின்றன. இரண்டு கைகளும் ஒரே மாதிரி இல்லை. டிரேஸ் எடுத்தால் கோடும் பரவுகிறது.
— வாசகி, கீழக்கரை

நேர்க்கோட்டில் வரைந்த பார்டரை வளைத்தால் உள் ஓரம் நெருங்கும், வெளி ஓரம் விரியும். அதனால் கழுத்துக்கு வரைய வேண்டிய இடம் உங்கள் அளவில் காகிதத்தில் போட்ட வெட்டு மாதிரி, அதாவது பிளவுஸ் டிராஃப்ட்தான். கழுத்துத் தையல் கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளி இன்னொரு வளைவு போடுங்கள். அதற்கு உள்ளே பாசியோ ஜர்தோசியோ வரக் கூடாது. வந்தால் பைப்பிங் வைக்கும்போது மெஷின் ஊசி உடையும். அந்த இரண்டாவது வளைவை நூலால் அளந்து, நடுவில் ஒரு சங்கை வைத்துவிட்டு, மிச்சத்தை இரு பக்கமும் சமமாகப் பிரியுங்கள். இடைவெளியை உள் ஓரத்தில்தான் கணக்கிட வேண்டும்.

கை மாறியதற்குக் காரணம் வேறு. ஒரு கைக்கு வரைந்த பட்டர் பேப்பரைப் புரட்டி மறு கைக்கு எடுத்திருப்பீர்கள். கொடியும் இலையும் புரட்டினால் சரியாக வரும். சங்கைப் புரட்டினால் ஒரு கையில் இடம்புரி, மறு கையில் வலம்புரி! உங்கள் ஊரில் இதைக் கண்டுபிடிக்காமல் விடுவார்களா? கொடியை மட்டும் புரட்டி எடுத்துவிட்டு, சங்கைத் தனித்தாளில் வரைந்து இரண்டு கைக்கும் ஒரே பக்கமாக வையுங்கள்.

துளையிட்ட தாள் வழியே டிசைனைத் துணியில் பதிக்கையில் (டிரேஸ்) கோடு பரவுவது, ஜிங்க் பவுடரில் கலக்கும் மண்ணெண்ணெய் கூடுவதால். ஜிங்க் பவுடர் குழைவாக இருக்கட்டும், பஞ்சைப் பிழிந்துவிட்டுத் தேயுங்கள். துணியை வெட்டாமல் ஆரிக் கட்டிலில் (மரச்சட்டத்தில்) இழுத்துக் கட்டி வேலையை முடியுங்கள். நெருக்கமான ஒர்க் துணியை உள்ளே இழுக்கும். முன்னாலேயே வெட்டியிருந்தால் கழுத்து சிறுத்துவிடும்.

லுங்கித் துண்டுகளில் நட்சத்திரக் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) தைக்கிறேன். நட்சத்திர முனை எல்லாம் தையலுக்குள் போய்விடுகிறது.
— வாசகி, தொண்டி

வரைந்த அளவிலேயே வெட்டியிருக்கிறீர்கள். தைத்து முடித்தபின் 3 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் சாதாத் துண்டை 3½ அங்குலமாக வெட்ட வேண்டும். இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரத்துக்கு 3⅞ அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்குங்கள். தையல் கால் அங்குலம்தான். மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பாதீர்கள். ஊசியிலிருந்து டேப்பால் அளந்து, தட்டில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையலிலும் துணிக்கு 1/16 அங்குலம் பிசகினால், 12 கட்டம் சேரும்போது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் காணாமல் போகும். முக்கோணத்தின் சாய்ந்த ஓரம் இழுபடும், வெட்டும் முன்பே கஞ்சி போட்டுத் தேய்த்துவிடுங்கள். புதுத் துணியை ஒருமுறை அலசாமல் பழையதோடு சேர்க்க வேண்டாம்.

பின்னலில் மீன் டிசைன் போட்டால் சப்பையாக வருகிறது.
— வாசகி, மண்டபம்

பின்னல் கண் அகலம் கூடியது, உயரம் குறைந்தது. உங்கள் கிராஃபோ சதுரம். முதலில் 15 செ.மீ. மாதிரி பின்னி, அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். அகலத்தில் 22 கண், உயரத்தில் 30 வரிசை வந்தால், 22 × 22 கட்டத்தில் வரைந்த மீன் 10 செ.மீ. நீளமும் 7.3 செ.மீ. உயரமுமாகத்தான் நிற்கும். அதே மீனை 30 வரிசைக்கு நீட்டி வரையுங்கள்.

பிரவுன் ஷீட் டிராஃப்டுகள் சுருண்டு, துரு பிடித்துப்போகின்றன.
— வாசகி, தேவிபட்டினம்

குண்டூசியைக் குத்தியபடியே மடித்து வைக்காதீர்கள். உப்புக் காற்றில் காகிதத்தில் மட்டுமில்லை, துணியிலும் துருக்கறை இறங்கும், லேசில் போகாது. சரிபார்த்த டிராஃப்டைக் கெட்டி அட்டையில் பிரதி எடுத்து, ஓரத்தில் ஓட்டை போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். குவில்ட், ஆரி உருவங்களுக்கு, கழுவித் துடைத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம் நல்ல அச்சு.