பாஸ்புக்கை மகள் கையில் கொடுத்தது ஏன்?

மன்னார்குடி பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு,

தலைவலி, நெஞ்செரிச்சல், ஸ்கேன், தூக்க மாத்திரை, மாமியார் சொல்லும் பரிகாரம் என்று நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். போன வாரம் உங்கள் கணவர் பாஸ்புக்கையும் நிலப் பத்திரத்தையும் மகள் கையில் கொடுத்து, "நான் இல்லைன்னா சங்கத்துக் கடனை யார் கட்டணும்னு செயலாளர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்" என்றாராம். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த வரிதான். உங்கள் பயம் நியாயமானது. மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இதை இன்றைக்கே பார்க்க வேண்டும்.

அவரிடம் நேராகக் கேளுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று அதே சொல்லால் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் கேட்டதும் அழுவார்கள், பாரம் கொஞ்சம் இறங்கும். "ஆமாம்" என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். வழியும் நேரமும் மனதில் இருந்தால் மாரடைப்புக்கு எப்படி ஓடுவீர்களோ அப்படி ஓட வேண்டும். நடுராத்திரி ஆனாலும் 108-ஐக் கூப்பிட்டு, திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். போய்ச் சேரும்வரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். "அதெல்லாம் இல்லை" என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பத்திரத்தை ஒப்படைத்தவர் வாயால் சொல்லும் "இல்லை"யை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

"எங்களை நெனச்சுப் பார்த்தீங்களா?" என்று திட்டாதீர்கள், சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்காதீர்கள். குடும்பத்துக்குத் தான் பாரம் என்று ஏற்கெனவே நம்புகிறவர், அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

அடுத்தது பூச்சிமருந்து. சம்பாவுக்கு அடித்தது போக மீதி எங்கேயாவது இருக்கும், மோட்டார் கொட்டகையில், பத்தாயத்துக்குப் பின்னால், கொல்லையில். களைக்கொல்லி, எலி மருந்து உட்பட எல்லாவற்றையும் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு இன்றே எடுத்துப்போகச் சொல்லுங்கள். வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், வேறு வீட்டில் பூட்டி வைத்தால் போதும். உங்கள் வீட்டிலேயே பூட்டிவிட்டு, சாவியை வழக்கமான ஆணியில் மாட்டுவது பூட்டாததற்குச் சமம். பலருக்கு அந்த எண்ணம் உச்சத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் எதுவும் இல்லையென்றால் உயிர் தப்புகிறது. குறுவைக்கு மருந்து வாங்கும்போதும் தேவைக்கு மட்டும் வாங்கி, தம்பி வீட்டிலேயே வையுங்கள்.

"அறுக்கிற நேரத்துல மழை பெஞ்சு நெல்லு வயல்லயே மொளச்சுப்போச்சு, கவலைப்படாம இருப்பாரா?" என்று உறவினர்கள் கேட்கிறார்களாம். காரணம் தெரிகிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கவலையில் இருப்பவர் பேரப்பிள்ளை வந்தால் ஒரு மணி நேரமாவது சிரிப்பார், பிடித்த குழம்பு என்றால் இன்னொரு கை சாப்பிடுவார். இவருக்குப் பொங்கலும் தெரியவில்லை, மகள் வந்ததும் தெரியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, காலையில் மிக மோசம், சாயங்காலம் சற்றுப் பரவாயில்லை, எடை குறைந்திருக்கிறது, எல்லாம் தன் தப்பு என்கிறார். இரண்டு வாரம் இப்படி நீடித்தாலே மனச்சோர்வு நோயாகக் கருதிப் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது.

தலைபாரமும் நெஞ்செரிச்சலும் கை கால் ஓய்ச்சலும் இந்த நோயின் முகங்கள்தான். நம் ஊரில் ஆண்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள், உடம்பைத்தான் சொல்வார்கள். இ.சி.ஜி., எண்டோஸ்கோப்பி, தலை ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. இன்னொரு ஸ்கேனுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பார்த்தால் போதும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கித் தரும் அந்தத் தூக்க மாத்திரை, அல்பிரசோலம் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. அது மனச்சோர்வுக்கு மருந்தே இல்லை. சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும், அதனால்தான் ஒன்று போதாமல் இப்போது இரண்டு கேட்கிறார். குடித்துவிட்டுப் போட்டால் மூச்சே தளர்ந்துவிடும். ஆனால் நாளைக்கே பிடுங்கி எறியாதீர்கள், மூன்று மாதம் போட்டவருக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். பட்டையை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை மருத்துவர் சொல்வார்.

மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூக்செடின் போன்றவை வேறு வகை. யூடியூபில் சொல்வதுபோல் மூளையை மழுங்கடிக்காது, சிறுநீரகத்தை அழிக்காது, போதைப் பழக்கமாகாது. குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், சாப்பிட்டபின் கொடுத்தால் குறையும். பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், முழுப் பலனுக்கு ஆறு முதல் எட்டு வாரம். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலை" என்று தூக்கிப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான், இல்லையென்றால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு வரும். ஒன்றைக் கவனியுங்கள்: சிலருக்கு மனசு தெளியும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். அந்த முதல் சில வாரங்களில் காவலைத் தளர்த்தாதீர்கள்.

மருத்துவரிடம் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். குடும்பத்தில் யாராவது தற்கொலை செய்துகொண்டார்களா? இவர் எப்போதாவது நாள் கணக்கில் தூக்கமே இல்லாமல், அலுப்பும் இல்லாமல், அளவுக்கு மீறிப் பேசி, கண்டபடி செலவழித்த காலம் உண்டா? உண்டு என்றால் மருந்தே மாறும். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அந்த அளவு மீறிய நிலைக்கு எகிறிவிடும்.

வர மறுத்தால் "மனநோய்" என்று ஆரம்பிக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம். "தூக்கம் வரலைங்கிறீங்கள்ல, அதுக்குக் காட்டுவோம்" என்றால் பெரும்பாலும் கிளம்பிவிடுவார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரைக்குக் காசு வாங்குவதில்லை. தாலுகா மருத்துவமனைகளுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறித்த நாளில் வருவார். எந்தக் கிழமை என்று ஓ.பி. சீட்டுப் பதியும் இடத்தில் கேளுங்கள். கரண்ட் (மின் அதிர்ச்சி சிகிச்சை) வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம். பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது, தேவைப்பட்டாலும் மயக்க மருந்து இல்லாமல் தருவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பதும் அதே சட்டப்படி அவருடைய உரிமை, மகளின் சம்பந்தத்தை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமியார் குணசீலம் கோயிலுக்குப் போகச் சொல்கிறார் என்றால் போய்வாருங்கள், பெருமாளைக் கும்பிடுவதில் ஒரு தடையுமில்லை. மாத்திரையைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவேளைகூட விடக்கூடாது.

ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவித்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு, சென்னை ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. அவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. நான்கு மாதமாக அவரோடு சேர்ந்து நீங்களும் மூன்று மணிக்கு விழித்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்காகவும் அழைக்கலாம்.