புதிய ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை முழுவதும் நிரப்பிப் பாருங்கள்

கேள்வி: குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் சேமிக்க 2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கியிருக்கிறேன். விண்டோஸில் இணைத்தால் 1.81 டெராபைட் என்றே காட்டுகிறது. டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது? படங்களை ஏற்றிய பிறகு கணினியில் இருப்பவற்றை அழித்துவிடலாமா?

பதில்: 1.81 என்ற எண்ணைக் கண்டு கவலைப்பட வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிட்டு, 2 லட்சம் கோடி பைட்டை 2 டெராபைட் என்று அட்டையில் அச்சிடுகிறார்கள்; விண்டோஸோ அதே பைட்டுகளை 1024இன் மடங்குகளால் வகுத்துக் காட்டுகிறது. மேக் கணினியில் இணைத்தால் இதே டிஸ்க் 2 டெராபைட் என்றே தெரியும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது, கணினி காட்டும் கொள்ளளவு டிஸ்க்கினுள் நிஜமாகவே இருக்கிறதா என்பதைப் பற்றித்தான். போலிச் சாதனங்களில், உள்ளே சிறிய மெமரி சிப் ஒன்றை வைத்துவிட்டு, பெரிய கொள்ளளவைக் காட்டும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். அவற்றில் நகலெடுக்கும்போது பெரும்பாலும் எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோப்பின் பெயரும் அளவும் சரியாகவே தெரியும். பல மாதங்கள் கழித்துத் திறக்கும்போதுதான் படம் இல்லை என்பது தெரியவரும். எனவே ஒரு கோப்பைப் போட்டுத் திறந்து பார்ப்பதைச் சோதனையாகக் கொள்ள முடியாது.

முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைத்திருக்கும் ஸ்மார்ட் தகவல்களைப் பாருங்கள். இயங்கிய நேரம் சில மணிகளுக்குள் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால், அது ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய டிஸ்க். பழுதடைந்து மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகள்), மாற்றத்துக்காகக் காத்திருக்கும் செக்டார்கள் ஆகிய இரண்டின் எண்ணிக்கையும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். சில டிஸ்க்குகளின் யுஎஸ்பி இணைப்புச் சுற்று இத்தகவல்களை வெளியே விடாது என்பதால், ஒன்றும் தெரியாததை மட்டும் வைத்துக் குறை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அடுத்தது, நான் எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் வலியுறுத்தும் சோதனை. உங்கள் படங்களில் ஒன்றைக்கூட ஏற்றுவதற்கு முன், எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளைக் கொண்டு காலி டிஸ்க்கை முழுவதும் நிரப்பி, எழுதியதை அப்படியே திரும்பப் படிக்கச் செய்யுங்கள். லினக்ஸ், மேக் பயனர்களுக்கு எஃப்3 இதே வேலையைச் செய்யும். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டை எழுதவே ஐந்தரை மணி நேரம் ஆகும். படிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பழைய யுஎஸ்பி 2.0 துளையில் செருகினால் வேகம் 30 முதல் 40 மெகாபைட்டைத் தாண்டாது என்பதால், கணினியில் 3.0 துளை எதுவென்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதன் உட்புறம் நீலமாக இருக்கும். கணினி உறக்க நிலைக்குப் போகாதபடி அமைத்துவிட்டு, இரவில் ஓடவிடலாம். டிஸ்க் நிரம்ப நிரம்ப வேகம் குறைவது இயல்பு, ஏனெனில் சுழலும் தட்டின் உள்வட்டங்களில் ஒரு சுற்றுக்குக் குறைவான தரவே அடங்கும். ஆனால் ‘டிக் டிக்’ என்ற ஒலி திரும்பத் திரும்பக் கேட்டாலோ, இணைப்பு தானாக அறுபட்டாலோ, முதலில் கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். பிறகும் தொடர்ந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பித் தருவதற்கான காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்து முடிப்பது முக்கியம். சோதனை முடிந்ததும் ஸ்மார்ட் எண்களை மீண்டும் பாருங்கள்; பூஜ்ஜியமாக இருந்தவை ஒரே நாளில் உயர்ந்திருந்தால், டிஸ்க் இயங்கிக்கொண்டிருந்தாலும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேறிவிட்டால், சோதனைக் கோப்புகளை நீக்கிவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையாக, விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதானால் என்டிஎஃப்எஸ் போதும். மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுங்கள். ஃபேட்32 வேண்டாம், 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வீடியோவை அது ஏற்காது.

கணினியில் இருப்பவற்றை அழிக்கலாமா என்றால், இப்போது கூடாது. சோதனையில் தேறிய டிஸ்க்கும் கீழே விழுந்தாலோ, திருட்டுப் போனாலோ, ஒருநாள் தானாகவே நின்றுபோனாலோ, உங்கள் படங்களுக்கு வேறு பிரதி இருக்காது. இடம் போதவில்லையென்றால், இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி, அதையும் இதேபோல் நிரப்பிச் சோதித்து, அதே படங்களை ஏற்றி, முடிந்தால் வேறொரு வீட்டில் வைத்துவிட்ட பிறகு அழியுங்கள்.