4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

இது 2³² + 1. 2, 3, 5, 7, 11, 13 என்று எதால் வகுத்தாலும் மீதி நிற்பதால், பார்த்தவுடன் பகா எண் என்றே தோன்றும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவும் அப்படித்தான் நம்பினார். 2-ஐ 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுக்கு உயர்த்தி 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்தும் பகா எண்கள். இப்படி வருவதெல்லாம் பகா எண்ணாகவே இருக்கும் என்று 1640-இல் கடிதத்தில் எழுதினார். அடுத்த அடுக்கு 32, அதாவது நம் எண். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

எனக்கு ஆற்றாமையே வருகிறது. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். ஆய்லர் பின்னாளில் நிறுவிய இந்த விதி, அடுக்குகளைப் பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியைப் பற்றிய ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்தே பிறக்கிறது. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தல்! கருவி ஃபெர்மாவின் கையிலேயே இருந்திருக்கிறது.

641 வகுக்கும் என்பதை வகுத்துப் பார்க்காமலே காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-க்கு மீதி −1 (அதாவது 641-க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; ஆகவே 5⁴-க்குப் பதில் −2⁴ என்று போடலாம். போட்டால் −2³²-க்கு மீதி 1. அப்படியானால் 2³² + 1-க்கு மீதி 0. அவ்வளவுதான்.

பக்கத்து எண்களும் லேசுப்பட்டவை அல்ல. 4294967296 என்பது 32 பிட்டுகளில் அடங்கும் மதிப்புகளின் எண்ணிக்கை. 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537; அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் இத்தனை பக்கம் கொண்டதுதான் பெரியது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வர்க்கக் கணக்குதான். பகா எண் ஒன்றை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால், ஒரே வழியில்தான் முடியும். நம் எண்ணுக்கோ இரண்டு வழி: 65536² + 1², 62264² + 20449². இதுவே அது பகா எண் இல்லை என்பதற்குப் போதும். காரணிகளிலிருந்தும் இதைப் பார்க்கலாம். 641 = 25² + 4², 6700417 = 2556² + 409². குறுக்கே பெருக்கிப் பாருங்கள்: 25 × 2556 = 63900, 4 × 409 = 1636; கூட்டினால் 65536, கழித்தால் 62264. அடுத்து 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449. 2³² + 1-இல் இருக்கும் அந்த 1 கிடைப்பது, இந்த இரண்டையும் கழிக்கும்போது.