மொசைக் கல் எப்படி நகரும்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோடு பக்கத்தில் இருக்கிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு நாளாகச் செல் சவ்வு பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள், எனக்கும் படித்துக் காட்டினாள். நான் பத்தாவதோடு நின்றவள், ஆனால் கேட்கக் கேட்க எனக்குச் சந்தேகம்தான் வந்தது. சவ்வு கொழுப்பால் ஆனது என்கிறாள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் இருக்கும்போது நடுவில் கொழுப்பு எப்படிக் கலையாமல் நிற்கும்? அதை மொசைக் என்கிறார்கள், பாய்கிறது என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுத் தரையும் மொசைக்தான், ஒரு கல்லும் நகர்ந்ததில்லை. வகுப்பில் 'வாட்ச்மேன் மாதிரி' என்று சொல்லிக்கொடுத்தார்களாம். வாட்ச்மேனுக்குக் கண் இருக்கிறது, சவ்வுக்கு ஏது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றுமே கேட்க வேண்டிய கேள்விகள். முதலாவது விளங்கிவிட்டால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

செல்லைச் சுற்றி மூடியிருக்கிற சவ்வில் இருப்பது நாம் தாளிக்கிற எண்ணெய் அல்ல, வேறு வகைக் கொழுப்பு. அதற்கு பாஸ்போலிப்பிட் என்று பெயர். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகவே ஆகாது. இப்படிப்பட்டவை கோடிக்கணக்கில் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும்? இரண்டு வரிசையாக எதிரெதிரே சேர்ந்து, வால்களை உள்பக்கமாகத் திருப்பி ஒளித்துக்கொண்டு, தலைகளை மட்டும் இரண்டு பக்கமும் தண்ணீருக்குக் காட்டி நிற்கும். இவற்றை ஒட்டிவைக்கப் பசை எதுவும் கிடையாது. எந்தத் தண்ணீர் கலைத்துவிடும் என்று நினைத்தீர்களோ அதே தண்ணீர்தான் இவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கருத்தரிப்பு மையங்களில் கருமுட்டையின் சவ்வை நுண்ணூசியால் துளைத்து விந்தணுவை உள்ளே விடுகிறார்கள், ஊசியை எடுத்ததும் அந்தத் துளை மூடிக்கொள்கிறது. இத்தனைக்கும் சவ்வின் கனம் 7, 8 நானோமீட்டர்தான். ஒரு நோட்டுத் தாளின் கனம் வர வேண்டுமானால் பத்தாயிரம் சவ்வுகளுக்கு மேல் அடுக்க வேண்டும்.

மொசைக் என்ற பெயர் 1972-ல் சிங்கர், நிக்கல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் வைத்தது. கொழுப்புக்கு நடுவே புரதங்கள் அங்கங்கே பதிந்திருப்பதைச் சொல்லத்தான் அந்தச் சொல். உங்கள் வீட்டில் கல்லைச் சுற்றி சிமெண்ட் இருக்கிறது, இங்கே இருப்பது எண்ணெய் போல இளகிய கொழுப்பு. குழம்பின் மேல் மிதக்கிற எண்ணெயில் கடுகு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அப்படி. 1970-ல் பிரை, எடிடின் என்ற இருவர் ஒரு மனிதச் செல்லையும் ஓர் எலிச் செல்லையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டின் புரதங்களுக்கும் வேறு வேறு நிறம் ஏற்றிப் பார்த்தார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். உடல் சூட்டில் 40 நிமிடம் வைத்த பிறகு நிறங்கள் முழுக்கக் கலந்துவிட்டன. நன்றாகக் குளிரவைத்தபோது கலக்கவில்லை, நெய் உறைவது மாதிரிதான்.

அப்புறம் வாட்ச்மேன். இந்த உவமை எனக்கும் பிடிக்காது. சவ்வு யாரையும் பார்த்து அனுப்புவதில்லை. ஆக்சிஜன் அந்தக் கொழுப்பு வழியாகவே நுழைந்து போய்விடும். உப்பில் இருக்கிற சோடியத்துக்கு மின்னூட்டம் இருப்பதால் அது கொழுப்புக்குள் போகாது, அதற்கென்று வடிவம் பொருந்திய ஒரு புரதம் வேண்டும். எந்தப் பக்கம் அதிகம், எந்தப் பக்கம் குறைவு என்பதுதான் பெரும்பாலும் போக்கைத் தீர்மானிக்கிறது.

இதற்கு உங்கள் வீட்டிலேயே உதாரணம் இருக்கிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்புசர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோமே, சர்க்கரை எதற்கு என்று யோசித்திருக்கிறீர்களா? தெம்புக்கு என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது, சோடியமும் சர்க்கரையிலிருந்து கிடைக்கிற குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். சவ்வில் இருக்கிற இன்னொரு புரதமான சோடியம் பம்ப் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது என்று மகள் படித்திருப்பாள். அந்தப் பம்ப் செல்லுக்குள் சோடியத்தை ஓயாமல் குறைத்து வைப்பதால்தான் குடலிலிருந்து இன்னும் சோடியம் உள்ளே வர முடிகிறது. காலரா வந்து குடல் தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட அந்தக் குளுக்கோஸ் வழி கெடுவதில்லை. 1971-ல் வங்காள எல்லையில் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். ஏராளமான உயிர்கள் பிழைத்தன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். பாடத்தில் ஒரு வரியாக வந்துபோகிற விஷயம் இது.

மகளை ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல சிவப்பான பெரிய வெங்காயத்தில் ஓர் இதழின் வெளிப்பக்கத்தில் கண்ணாடி போலத் தோல் உரியும். பள்ளி மைக்ராஸ்கோப்பில் அதை வைத்து ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டால், சில நிமிடங்களில் செல்லில் இருக்கிற தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் வெளியேறி, ஊதா நிறம் ஓரத்தை விட்டு உள்ளே சுருங்கும். சவ்வுக்கு வெளியே இருக்கிற செல் சுவர் அங்கேயே நிற்கும், சவ்வு மட்டும் விலகிப் போகும். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே காலையில் தண்ணீர் நிற்கிறதே, அதுவும் இதுதான். பிறகு வெங்காயத் தோலுக்கு நல்ல தண்ணீர் விட்டால் நிறம் மறுபடி விரியும். சீக்கிரம் விடச் சொல்லுங்கள், ரொம்ப நேரம் உப்பில் கிடந்தால் சவ்வு கெட்டுவிடும், அப்புறம் விரியாது.