நெல்லையிலிருந்து வானத்தை ஆராய – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். சென்ற ஆண்டு மாநில அளவிலான ஓர் ஆய்வு நிதிக்கு, மாணவர்களை வைத்து நானோ செயற்கைக்கோள் வடிவமைக்கும் திட்டம் ஒன்றை எழுதி அனுப்பினேன். ‘நோக்கம் தெளிவாக இல்லை, நிறுவனத்தில் வசதி போதாது’ என்று இரண்டு வரியில் திரும்பி வந்துவிட்டது. ‘விண்வெளியெல்லாம் இஸ்ரோ பார்க்கிற வேலை, ஸ்டேட்ல யாரு குடுப்பா? பேசாம நானோ மெட்டீரியல்ல ஏதாவது எழுதும்மா’ என்கிறார்கள் துறையில் மூத்தவர்கள். இஸ்ரோ ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரியும், ஏவுதளம் அமையும் குலசேகரப்பட்டினமும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. எங்களைப் போன்ற கல்லூரிக்கு இதில் இடமே இல்லையா? மறுபடி எழுதலாமா? பழைய விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மறுபடி எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் பழையதைத் தூசி தட்டி அனுப்ப வேண்டாம். தலைப்பிலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பியதை முழுக்கப் படித்தேன். முதல் இரண்டு பக்கம் 1963-இல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதில் தொடங்கி சந்திரயான்-3 வரை வருகிறது. மதிப்பிட உட்காருபவருக்கு அதெல்லாம் தெரியும். அவர் தேடுவது உங்களை. நீங்கள் வருவதோ மூன்றாம் பக்கத்தின் அடியில். அங்கே நோக்கம் என்று எழுதியிருப்பது இது: ‘குறைந்த செலவில் நானோ செயற்கைக்கோளை வடிவமைத்து, உருவாக்கி, சோதித்து, மாணவர்களிடையே விண்வெளி ஆர்வத்தை வளர்த்தல்.’ ஒரே வரியில் நான்கு வேலை. சோதிப்பதென்றால் வெப்ப வெற்றிட அறை வேண்டும், அதிர்வு மேடை வேண்டும். யாரிடம் போய்ச் சோதிப்பீர்கள், எந்த ராக்கெட்டில் ஏற்றுவீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதனால் ‘வசதி போதாது’ என்ற குறிப்பை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கல்லூரியைப் பற்றிய தீர்ப்பு கிடையாது. அந்தத் தலைப்புக்கும் உங்களிடம் இருக்கும் கருவிகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைத்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

நான் இதில் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற பெரிய ஆய்வுக்கூடம் உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலைக்கு நீங்கள் நிதி கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டியதில்லை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கேட்டால்தான் பொருள்படும் கேள்வி ஒன்று இருந்தால், அதற்குக் கேளுங்கள். வான் அறிவியலில் அப்படிப்பட்ட கேள்விகள் நெல்லைச் சீமையில் நிறையவே இருக்கின்றன.

திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் தெரியும்தானே. சிற்பங்களுக்காக எல்லாரும் போகிற ஊர். அங்கேதான் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பது எனக்குத் தீராத வருத்தம். அங்கே 1.98 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ராடார் ஒன்றை வைத்துத் தொண்ணூறுகளிலிருந்தே 80, 90 கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளந்திருக்கிறார்கள். பலூனும் எட்டாத, செயற்கைக்கோளும் நிலைத்துச் சுற்ற முடியாத உயரம் அது. அந்தக் கூடத்தை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு, நம் தென்கோடி வழியாகப் போவதால். தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதே காரணம்தான்.

காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகல் நேரத்தில், சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. எலக்ட்ரோஜெட் என்று நீங்கள் பாடத்தில் நடத்தியிருப்பீர்கள். அதன் வலுவை அளக்கும் வழி எவ்வளவு எளிமையானது பாருங்கள். நெல்லையில் பதிவாகும் காந்தப்புலத்தின் கிடைக்கூறு (தரைக்கு இணையான பகுதி) பகலில் எவ்வளவு ஏறுகிறது என்று எடுக்கிறோம். மகாராஷ்டிரத்தில் அலிபாக் காந்தக்கூடத்தில் அதே நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, அதைக் கழிக்கிறோம். அலிபாக் அந்த மின்னோட்டப் பட்டைக்கு வெளியே இருப்பதால், இரண்டு ஊருக்கும் பொதுவான மாற்றங்கள் கழிந்துபோய், மின்னோட்டத்தின் பங்கு மட்டும் மிஞ்சும். முதுகலை மாணவர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கிற வேலை இது. உலகமெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் ‘திருநெல்வேலி கழித்தல் அலிபாக்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி வகுப்பறையில் மட்டும் அதைக் காணோம்.

அப்புறம் மாலை. பொழுது அடைந்ததும் அயனமண்டலத்தின், அதாவது சூரியக் கதிரால் மின்னேற்றம் பெற்ற மேல்வளியின், மேலடுக்கு சற்று உயரும். அதன் அடிப்பகுதி குலைந்து, மின்துகள் குறைந்த குமிழிகள் எழும்பும். செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை அவற்றின் ஊடே வரும்போது, நட்சத்திரம் கண் சிமிட்டுவதுபோல் அதன் வலு ஏறி இறங்கும். இதைத்தான் சிமிட்டல் என்கிறோம். ஜி.பி.எஸ். ரிசீவர் சில செயற்கைக்கோள்களைத் தவறவிடுவதும் உண்டு. நம் பகுதியில் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் இது அதிகம், பெரும்பாலும் நள்ளிரவுக்குள் அடங்கிவிடும். சிமிட்டலின் கடுமை வடக்கே அகமதாபாத், போபால் பக்கம்தான் கூடுதல், அதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஆனால் குமிழி பிறக்கும் இடம் நம் தலைக்கு மேல்.

இப்போது கேள்வி தானாக வந்துவிடுகிறது. ஒரு நாள் பகலில் எலக்ட்ரோஜெட் எப்படி இருந்தது என்பதை வைத்து, அன்று மாலை பாளையங்கோட்டை வானத்தில் சிமிட்டல் வருமா, வராதா என்று எந்த அளவுக்குச் சொல்ல முடியும்? இதை இரண்டு ஆண்டு அளந்து பாருங்கள். ஆம் என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் அது ஒரு முடிவுதான். சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். இப்போது நடக்கும் 25-ஆவது சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். இனி சூரியன் அடங்கிக்கொண்டே போகும். அந்த இறக்கத்தில் எடுத்த தொடர்ச்சியான பதிவுக்குப் பின்னாளில் மதிப்பு அதிகம். ‘ஏன் இப்போதே?’ என்று விண்ணப்பப் படிவம் கேட்கும் கேள்விக்கு இதுவே பதில்.

உங்கள் நோக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘பாளையங்கோட்டையில் ஒரு ரிசீவரை நிறுவி, 24 மாதம் மாலை நேர அலைச் சிமிட்டலைப் பதிவு செய்தல், அதைப் பகல் நேர எலக்ட்ரோஜெட் வலுவோடு ஒப்பிடுதல்.’ அவ்வளவுதான். ஆர்வம் வளர்ப்பதெல்லாம் கூடவே நடக்கும், அதை நோக்கத்தில் போட வேண்டாம்.

மாநில நிதிக்கு எழுதும்போது ஒரு பகுதியைக் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும். இதனால் தமிழ்நாட்டுக்கு என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உவரியிலும் கூத்தங்குழியிலும் இடிந்தகரையிலும் இரவில் கடலுக்குப் போகிறவர்கள் ஜி.பி.எஸ்.ஸை நம்பித்தான் போகிறார்கள். குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஏவத் தொடங்கினால் இந்த வானத்தின் வழியாகத்தான் சிக்னல் வந்தாக வேண்டும். இவ்வளவும் உண்மை, எழுதுங்கள். ஆனால் ‘மீனவர் உயிர் காக்கும் தொழில்நுட்பம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஓர் ஆண்டில் எத்தனை மாலைகளில், எத்தனை மணி நேரம் சிக்னல் கெடுகிறது என்ற பட்டியலைத் தருவோம் என்று மட்டும் சொல்லுங்கள். செய்ய முடிந்ததைச் சொன்னால் நம்புவார்கள்.

‘ஸ்டேட்ல யாரு குடுப்பா’ என்பதற்கு வருகிறேன். அமெரிக்காவில் 1989-இலிருந்து, விண்வெளி ஆய்வுக்கென்றே மாநிலந்தோறும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளுக்கு நாசா நிதி தருகிறது. இப்போது 52 கூட்டமைப்புகள். நம்மிடம் அப்படித் தனிக் கதவு கிடையாது. 1984-இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தில் வான் அறிவியலும் மற்றத் துறைகளோடு ஒரே வரிசையில்தான் நிற்கும். உயர்கல்வித் துறையின் முதலமைச்சர் ஆராய்ச்சி மானியம் போன்றவற்றிலும் அப்படித்தான். அரசு உதவிபெறும் கல்லூரிக்குத் தகுதி உண்டா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் முதலில் பார்த்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் தந்த மாநில விண்வெளித் தொழில் கொள்கையைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஐந்து ஆண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை ஈர்ப்பது அதன் இலக்கு. அது தொழிற்சாலைகளுக்கானது, உங்கள் விண்ணப்பத்துக்கான பணம் அங்கே இல்லை.

தனிக் கதவு இல்லாததால் ஒரு விளைவு உண்டு. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் அயனமண்டலக்காரராக இருப்பார் என்று எண்ணிக்கொண்டு எழுதக் கூடாது. திடநிலை இயற்பியல் பேராசிரியராக இருக்கலாம், மெக்கானிக்கல் துறைக்காரராகவும் இருக்கலாம். முதல் பக்கத்தை அவருக்காக எழுதுங்கள். சூத்திரங்கள் நான்காம் பக்கத்துக்குப் போகட்டும்.

பட்ஜெட் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் இரண்டு, லேப்டாப் ஒன்று, பிரின்டர், கேமரா, அதற்குப் பிறகுதான் ஆய்வுக் கருவி. மதிப்பீட்டாளர் கண் முதலில் அந்தப் பட்டியலில்தான் விழும். இவர் துறைக்குச் சாமான் வாங்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார். இருக்கிற கம்ப்யூட்டரை ‘ஏற்கெனவே உள்ள வசதி’ என்று காட்டுங்கள். கேட்பது ரிசீவர், ஆன்டெனா, நல்ல கேபிள், இடிதாங்கி, பேட்டரியோடு யு.பி.எஸ். இவை போதும். சிமிட்டல் அளப்பதற்கென்றே வரும் ரிசீவர் பல லட்சம் ஆகும், வெளிநாட்டுச் சரக்கு. இரட்டை அலைவரிசையில் வேலை செய்யும் விலை குறைந்த ரிசீவர் போர்டுகள் வந்திருக்கின்றன. சிக்னல் வலுவை நொடிக்குச் சில முறை பதிவு செய்தால் சிமிட்டலின் போக்கு தெரிந்துவிடும். அதன் எல்லை என்ன என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். இடிதாங்கியையும் யு.பி.எஸ்.ஸையும் சின்னச் செலவென்று விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்கால இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மாலையில்தான் உங்களுக்குத் தரவு வேண்டும், கரண்ட் போவதும் அப்போதுதான்.

பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது வரும். அதனால் கொட்டேஷன், தனி வங்கிக் கணக்கு, ஸ்டாக் ரிஜிஸ்டர் இதெல்லாம் எப்படிப் போக வேண்டும் என்று கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளரிடம் விண்ணப்பிக்கும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மார்ச் 31 நெருங்கும்போது பேசப் போனால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

பெரிய விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யலாம். அறிவியல் தொழில்நுட்ப மன்றம் இறுதியாண்டு மாணவர் திட்டங்களுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை தருகிறது. இந்த ஆண்டு எம்.எஸ்சி. பிள்ளைகள் இரண்டு பேரை அதற்கு எழுதச் சொல்லுங்கள். ரிசீவர் வேண்டாம், ஏற்கெனவே வெளியிட்ட பழைய காந்தப்புலத் தரவை வைத்து ‘நெல்லை கழித்தல் அலிபாக்’ கணக்கு மட்டும் போடட்டும். அந்த ஒரு வரைபடம் உங்கள் பெரிய விண்ணப்பத்தில் ‘முன்னோட்ட முடிவுகள்’ என்று உட்காரும்போது, வசதி போதாது என்று எழுதுவது எளிதல்ல.

மூத்தவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெரிய தொகை மத்திய நிதியில்தான். கல்வி நிறுவனங்களின் ஆய்வுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம் இருக்கிறது, 2023 சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை இருக்கிறது. ஆனால் அங்கே முதலில் கேட்பது, இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள் என்று. மாநில நிதியில் முடித்த இரண்டு ஆண்டு வேலை அதற்குப் பதிலாகும். நானோ மெட்டீரியலுக்கு மாறச் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். சூரியனைப் பார்க்கும் அந்தக் கலம் 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பியது. அந்தச் சூரியன் நம் ஊருக்கு மேலே என்ன செய்கிறது என்று நம் ஊரிலிருந்தே ஒரு கல்லூரி அளக்கக் கூடாதா?

கடைசியாக, கோ-பி.ஐ. (இணை ஆய்வாளர்) யார் என்ற இடத்தில் உங்கள் துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகப் போட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கல்லூரியின் ஒப்புதல் கடிதத்தில் இடம் கொடுங்கள். கோ-பி.ஐ.யாக, அயனமண்டலத் தரவில் கை பழகிய ஒருவர் வேண்டும். கிருஷ்ணாபுரத்துக்கு முறையாக ஒரு கடிதம் எழுதி, நேரில் போய், உங்கள் கேள்வியை ஒரே தாளில் எழுதிக் காட்டிப் பேசுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். கூட வேலை செய்ய ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கி இணையுங்கள். அதன் பிறகு வரைவை எனக்கு அனுப்புங்கள், பட்ஜெட் பக்கத்தையும் சேர்த்து. படித்துத் திருத்தித் தருகிறேன்.